ஈஸ்ட் செல் ரெண்டா பிரியுறத மைக்ரோஸ்கோப்ல ஒழுங்கா பிடிக்கிறது எப்படி

பாட்டிங்க இடுப்புல சொருகி வச்சிருப்பாங்களே சுருக்குப்பை, அதோட கயித்த இழுத்தா வாய் அப்படியே சுருங்கி மூடிக்கும். ஃபிஷன் ஈஸ்ட் செல் ரெண்டாகுறதும் கிட்டத்தட்ட அப்படித்தான். செல்லோட நடு இடுப்புல ஆக்டினும் மையோசினும் இன்னும் பல புரோட்டீனும் சேர்ந்து ஒரு வளையம் கட்டும், லேப்ல நாங்க ரிங்னுதான் சொல்லுவோம், அது மெல்ல மெல்ல சுருங்கும், சுருங்க சுருங்க பின்னாடியே புதுச் சுவர் எழும்பிக்கிட்டே வரும், கடைசில ரெண்டு செல். இத லைவ்வா படம் பிடிக்கணும்னு புதுசா லேப்புக்கு வர்றவங்க நிறைய பேர் கேக்குறாங்க, எல்லாரும் முதல்ல கேக்குறது எந்த மைக்ரோஸ்கோப், எந்த கேமரான்னுதான். நான் சொல்றது என்னன்னா மெஷின் ரெண்டாவது விஷயம். செல் நல்லா இருக்கா, அது பிரியுறதுக்கு எடுத்துக்குற நேரம் சரியா இருக்கா, இத ரெண்டையும் முதல்ல பாருங்க. நோய்வாய்ப்பட்ட செல்ல எவ்வளவு விலையுயர்ந்த மைக்ரோஸ்கோப்ல பார்த்தாலும் அது காட்டுறது நோயத்தான்.

ஏன் ஃபிஷன் ஈஸ்ட்? முழுப் பேரு ஷைஸோசாக்கரோமைசிஸ் பொம்பே. பொம்பேன்னதும் மும்பைன்னு நினைக்காதீங்க, ஸ்வாஹிலில பீர்னு அர்த்தம், 1893ல பால் லிண்ட்னர்ங்கிறவர் கிழக்கு ஆப்பிரிக்காவோட சிறுதானிய பீர்ல இருந்து இத பிரிச்சு எடுத்தார். பால் நர்ஸ் செல் சுழற்சிக்காக 2001ல நோபல் வாங்குனது இந்த ஈஸ்ட்ட வச்சுதான். நமக்கு வசதி என்னன்னா இது குச்சி மாதிரி இருக்கும், அகலம் 3.5ல இருந்து 4 மைக்ரோமீட்டர், நீளம் சுமார் 14 மைக்ரோமீட்டர் ஆனதும் சரியா நடுவுல பிரியும். ரொட்டிக்குப் போடுற ஈஸ்ட்ல மொட்டு விடுற கழுத்துல ரிங் வெறும் 1 மைக்ரோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். இதுல 3.5. லைட் மைக்ரோஸ்கோப்புக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெருசு.

முதல்ல ஸ்ட்ரெயின், அதாவது ஈஸ்ட்டோட வகை. ரிங்க பாக்க மையோசினோட லைட் செயின், ஆர்எல்சி1, அதுல ஒரு ஃப்ளூரசன்ட் டேக், அதாவது ஒளிரும் புரோட்டீன், ஒட்டுன ஸ்ட்ரெயின் எடுத்துக்கோங்க, கூடவே ஸ்பிண்டில் போல் பாடில, அதாவது குரோமோசோம்களப் பிரிக்கிற இழைங்க கிளம்புற இடத்துல, இருக்குற சாட்1ங்கிற புரோட்டீன்ல ஒரு டேக். இந்த ரெண்டாவது ரொம்ப முக்கியம், ஏன்னா அதுதான் உங்க கடிகாரம். ஒரு புள்ளியா இருக்குற சாட்1 ரெண்டு புள்ளியா பிரியுற நிமிஷத்த பூஜ்யம்னு வச்சுக்கிட்டு மத்த எல்லாத்தையும் அதுல இருந்து எண்ணணும். 25 டிகிரில ஆரோக்கியமான செல்னா பூஜ்யத்துல இருந்து 10 நிமிஷம் சுமாருல ரிங் கூடிரும், அப்புறம் இன்னொரு 20, 25 நிமிஷம் சுருங்காம அப்படியே நிக்கும், அதுக்கப்புறம் 30, 35 நிமிஷத்துல சுருங்கி முடியும். இந்த மூணு நம்பரையும் மேஜைல எழுதி ஒட்டி வச்சுக்கோங்க. ரெண்டு டேக்கையும் ஒரே பச்சை கலர்ல வச்சாலும் பரவால்ல, ஒண்ணு கோடு இன்னொண்ணு புள்ளி, கண்ணுக்கு குழப்பம் வராது, ஒரு லேசர் போதும், செல்லுக்கு பாதி வெளிச்சம் மிச்சம்.

டேக்க ஜீனோட சொந்த இடத்துலயே, சொந்த புரமோட்டரோட, அதாவது ஜீன ஓட வைக்கிற சுவிட்சோட, வைங்க. பிளாஸ்மிட்ல, அதாவது தனியா உள்ள விடுற டிஎன்ஏ வளையத்துல, வச்சு புரோட்டீன ஓவரா எக்ஸ்ப்ரெஸ் பண்ணி பளபளன்னு தெரியுதேன்னு சந்தோஷப்பட்டா அது நிஜ ரிங் இல்ல. டேக் போட்டதும் அந்த ஸ்ட்ரெயின 25லயும் 36லயும் வளர்த்துப் பாருங்க, செல் வழக்கத்த விட நீளமா போகுதா, நடுச்சுவர் கோணலா விழுதான்னு பாருங்க. ஆக்டினுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. ஜிஎஃப்பி, அதாவது பச்சையா ஒளிரும் புரோட்டீன், ஒட்டுன ஆக்டின் இந்த ஈஸ்ட்டோட ரிங்குக்குள்ள ஒழுங்கா போய்ச் சேராது, ஆக்டின் இழைய நீட்டுற ஃபார்மின்ங்கிற புரோட்டீன் அத ஏத்துக்காது. அதனால எல்லாரும் ஆக்டின்ல ஒட்டிக்கிற லைஃப்ஆக்ட்ங்கிற சின்ன புரோட்டீன் துண்டப் போடுறாங்க, அதுவும் அளவு கூடிட்டா ஆக்டினோட நடத்தையையே மாத்திரும். மங்கலா தெரியுற அளவுக்கு கம்மியா வைங்க, அதுதான் நல்லது.

இப்ப வளர்ப்பு. இங்கதான் பாதிப் பேர் கோட்டை விடுறாங்க. ஃப்ரீஸர்ல இருந்து எடுத்து பிளேட்ல கோடு இழுத்து, அடுத்த நாளே லிக்விட்ல போட்டு, அதுக்கு அடுத்த நாள் படம் எடுக்க உக்காந்துருவாங்க. அப்படி வேண்டாம். லிக்விட் கல்ச்சர்ல குறைஞ்சது ஒன்றரை நாள், முடிஞ்சா ரெண்டு நாள், லாக் ஃபேஸ, அதாவது செல் வேகமா பெருகிக்கிட்டே இருக்குற கட்டத்த, விட்டு வெளிய போக விடாம காலைல சாயங்காலம் நீர்த்து நீர்த்து வளருங்க, கல்ச்சர் எவ்வளவு கலங்கலா இருக்குன்னு காட்டுற ஓடி 0.5ஐ தாண்டவே கூடாது. ஒரு தடவை பட்டினி கெடந்த கல்ச்சர் சுதாரிச்சு வர எத்தனையோ தலைமுறை ஆகும். பணக்கார மீடியமான ஒய்இ5எஸ்ல வளர்த்தா செல் குஷியா இருக்கும், ஆனா அந்த மீடியமே பச்சையா ஒளிரும், அதனால படம் எடுக்கும்போது அவ்வளவா ஒளிராத ஈஎம்எம்5எஸ் மீடியத்துல இருக்கணும். மாத்துறத அன்னிக்கு காலைல அவசரமா மாத்தாதீங்க, முந்தின ராத்திரியே மாத்துங்க. அடினைன் செய்யத் தேவையான ஏட்6 ஜீன் கெட்டுப் போன மியூட்டன்ட் ஸ்ட்ரெயின்னா அடினைன் தாராளமா போடுங்க, இல்லன்னா ஒரு சிவப்பு நிறமி செல்லுக்குள்ள வாக்யுவோல்ங்கிற பைல சேரும், அது நல்லா ஒளிரும், ஏதோ புது அமைப்பக் கண்டுபிடிச்சுட்டோம்னு தோணும். அது அடினைன் பத்தாததுதான், வேற ஒண்ணும் இல்ல.

ஸ்லைடு பண்றது. ஒரு மணி நேரத்துக்குள்ள முடியுற வேலைன்னா ஜெலட்டின் பேட் போதும். ஈஎம்எம்5எஸ்ல 25 சதவீதம் ஜெலட்டின் கரைச்சு சின்ன டியூப்ல வச்சுக்கணும், வேணும்ங்கிறப்ப சூடுபண்ணி உருக்கி, ஒரு ஸ்லைடுல துளி விட்டு மேல இன்னொரு ஸ்லைட வச்சு அமுக்கி ஆற விடுங்க. மேல் ஸ்லைட எடுக்கும்போது தூக்காதீங்க, பக்கவாட்டுல நகர்த்துங்க, தூக்குனா பேட் கிழிஞ்சு மேடு பள்ளமாகி பாதி செல் ஃபோகஸ்லயே இருக்காது. செல்ல மெதுவா, சென்ட்ரிஃபியூஜ்ல 500 ஜில 30 நொடி சுத்தி, 3 மைக்ரோலிட்டர் வச்சு கவர்ஸ்லிப் போட்டு ஓரத்த வேலாப் வச்சு அடைச்சிருங்க. வேலாப்ங்கிறது வாஸ்லின், லேனோலின், பாரஃபின் மூணும் சம அளவு உருக்குன கலவை. நகப் பாலிஷ் வேண்டாம், அதுல இருக்குற சால்வன்ட் உள்ள கசியும். கவர்ஸ்லிப் கண்டிப்பா நம்பர் 1.5, அதாவது 0.17 மில்லிமீட்டர், நல்ல ஆப்ஜெக்டிவ் எல்லாம் அந்தத் தடிமனுக்காகவே செஞ்சது. அதிக நேரம் ஓட்டணும்னா அடைச்ச பேட்ல காத்து போதாது, கண்ணாடி அடி வச்ச டிஷ்ல சோயாபீன் லெக்டின் தடவி செல்ல ஒட்ட வச்சு மேல மீடியம் ஊத்திருங்க.

மைக்ரோஸ்கோப்புக்கு வருவோம். தினசரி வேலைக்கு, ஃபோகஸ்ல இருக்குற தளத்தோட வெளிச்சத்த மட்டும் எடுக்குற ஸ்பின்னிங் டிஸ்க் கன்ஃபோகலே போதும், 100எக்ஸ் ஆயில் ஆப்ஜெக்டிவ், என்ஏ, அதாவது லென்ஸ் வெளிச்சத்த எவ்வளவு அகலமா சேகரிக்கும்ங்கிற எண், 1.4 அல்லது 1.45. பச்சை ஒளில இதோட பிரிதிறன், அதாவது ரெண்டு புள்ளிய தனித்தனியா காட்டுற குறைஞ்ச தூரம், சுமார் 220 நானோமீட்டர், ஆழத்துல இன்னும் மோசம், 500க்கு மேல. கேமரா பிக்சல் 6.5 மைக்ரோமீட்டர்னா 100எக்ஸ்ல ஒரு பிக்சல் 65 நானோமீட்டர், தாராளம். 16 மைக்ரோமீட்டர் பிக்சல் வச்ச பழைய ஈஎம்சிசிடி கேமரான்னா 160 ஆகிரும், நடுவுல ஒரு 1.5 மடங்கு லென்ஸ் இருந்தா போட்டுக்கோங்க.

இப்ப வெளிச்சக் கணக்கு. இத வீட்டுச் செலவுக் கணக்கு மாதிரி பேப்பர்ல போட்டுப் பழகுங்க. ரிங்கோட விட்டம் 3.6 மைக்ரோமீட்டர்ல ஆரம்பிச்சு 35 நிமிஷத்துல பூஜ்யம் ஆகுதுன்னா நிமிஷத்துக்கு 0.1 மைக்ரோமீட்டர் குறையுது. அதாவது ஒரு நிமிஷத்துல நடக்குற மாற்றமே உங்க மைக்ரோஸ்கோப் பிரிச்சுக் காட்டுற தூரத்த விட கம்மி. அப்புறம் எதுக்கு 10 நொடிக்கு ஒரு படம்? நிமிஷத்துக்கு ஒண்ணு எடுங்க. இசட்ல, அதாவது மேலிருந்து கீழா, 0.4 மைக்ரோமீட்டர் இடைவெளில 13 ஸ்லைஸ், செல்லோட முழுத் தடிமனும் வந்துரும், ஸ்லைஸுக்கு 100 மில்லிசெகண்ட்னா ஒரு தடவைக்கு 1.3 நொடி வெளிச்சம், ஒன்றரை மணி நேரத்துக்கு மொத்தம் 117 நொடி. லேசர் பவர மங்கலா, ஆனா அளக்க முடியுற அளவுக்கு மட்டும் வைங்க. அழகான படம் எடுக்குறது வேற, அளக்குற படம் எடுக்குறது வேற, நமக்கு வேணும்ங்கிறது ரெண்டாவது.

ஆனா ரிங் எப்படிக் கூடுதுன்னு பாக்கணும்னா கணக்கே வேற. ரிங் கூடுறதுக்கு முன்னாடி நடு இடுப்பச் சுத்தி மெம்பிரேன் ஒட்டுனாப்ல நோட்ங்கிற சின்னச் சின்னப் புள்ளிங்க பட்டையா பரவி இருக்கும். மிட்1, மையோசின், சிடிசி12 ஃபார்மின், சிடிசி15ன்னு பல புரோட்டீன் எல்லாம் சேர்ந்த மூட்டைங்க அது. ஃபார்மின் ஆக்டின் இழைய நீட்டும், பக்கத்து நோட்ல இருக்குற மையோசின் அதப் பிடிச்சு இழுக்கும், கொஞ்ச நொடில இழை அறுந்துரும், மறுபடி வேற இழை, இப்படித் தேடிப் பிடிச்சு இழுத்து விட்டுத்தான் எல்லாம் ஒரு கோடாகும். 2008ல வாவிலோனிஸ், போலார்ட்ங்கிற ஆராய்ச்சியாளர்களும் அவங்க சக ஆட்களும் இதப் படமும் எடுத்து சிமுலேஷனும் பண்ணிக் காட்டுனாங்க. ஒரு நோட் நொடிக்கு 30 நானோமீட்டர் வேகத்துல ஓடும், சில நொடி ஓடி நின்னு வேற பக்கம் திரும்பும். நிமிஷத்துக்கு ஒரு படம்னா இதுல எதுவுமே தெரியாது. இதுக்கு 13 ஸ்லைஸ் கொண்ட முழு ஸ்டாக்க விட்டுருங்க, கவர்ஸ்லிப்ப ஒட்டி இருக்குற மேல் பரப்புல மட்டும் ஃபோகஸ் வச்சு ஒரே பிளேன், 2 நொடிக்கு ஒண்ணு, 10 நிமிஷம். 300 படம், 30 நொடி வெளிச்சம்தான். முதல் தடவை அந்தப் புள்ளிங்க தயங்கித் தயங்கி ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டு வரிசையாகுறதப் பார்த்தப்ப நான் சேர்ல இருந்து எந்திரிக்கவே இல்ல, பக்கத்து ரூம்ல இருந்தவங்கள எல்லாம் கூப்பிட்டுக் காட்டுனேன்.

அந்த நோட் எத்தனைன்னு எண்ணுறதுல ஒரு பாடம் இருக்கு. கன்ஃபோகல்ல எண்ணுனப்ப சுமார் 65ன்னு வந்துச்சு, பிறகு கூர்மையான மைக்ரோஸ்கோப்ல எண்ணுனவங்களுக்கு அதிகமா வந்துச்சு. செல் மாறல. 220 நானோமீட்டருக்குள்ள ஒட்டி நிக்குற ரெண்டு புள்ளி ஒண்ணாத்தான் தெரிஞ்சிருக்கு. அதனால நீங்க எண்ணுற எந்த எண்ணிக்கையையும் எந்த மைக்ரோஸ்கோப்ல எண்ணுனதுங்கிறதோட சேர்த்தே எழுதுங்க.

வெப்பநிலை பத்தி என் அனுபவம் ஒண்ணு. ஒரு மியூட்டன்ட்ல ரிங் சுருங்க 50 நிமிஷத்துக்கு மேல ஆகுதுன்னு மூணு வாரம் டேட்டா எடுத்தேன், அழகா திரும்பத் திரும்ப அதே நம்பர் வந்துச்சு. நார்மல் ஸ்ட்ரெயின பகல்ல எடுத்திருந்தேன், மியூட்டன்ட்ட ராத்திரில, மைக்ரோஸ்கோப் அப்பத்தான் காலியா கெடைக்கும். சந்தேகம் வந்து ஒரு நாள் சின்ன தெர்மோமீட்டர் புரோப ஸ்லைடு மேலயே ஒட்டிப் பார்த்தா 19 டிகிரி. ராத்திரி ரூம்ல ஆள் இல்லாததால ஏசி நேரா ஸ்டேஜ் மேல அடிச்சிருக்கு, ஸ்கிரீன்ல மட்டும் 25ன்னு காட்டிக்கிட்டே இருக்கு, ஏன்னா அந்த சென்ஸார் இருக்குறது சேம்பர் மூலைல. ஆயில் ஆப்ஜெக்டிவ் ஒரு பெரிய உலோகக் கட்டி, கவர்ஸ்லிப்ப ஆயில் வழியா தொட்டுக்கிட்டே இருக்கு, அது குளிர்ந்தா செல்லோட சூட்ட உறிஞ்சிரும். மூணு வார டேட்டாவையும் ஓரமா வச்சுட்டு மறுபடி எடுத்தேன், மியூட்டன்ட்டும் நார்மலும் ஒரே மாதிரி வந்துச்சு. அதுல இருந்து ரெண்டு பழக்கம். ஒண்ணு, ஆப்ஜெக்டிவ் ஹீட்டர் போட்டு ஒரு மணி நேரம் எல்லாம் நிலைக்கு வர விடுறது, சூட்ட செல் இருக்குற இடத்துலயே அளக்குறது. ரெண்டாவது இன்னும் நல்லது, ரெண்டு ஸ்ட்ரெயினையும் ஒரே ஸ்லைடுல கலந்து போடுறது. ஒண்ணுல மட்டும் சாட்1 சிவப்பா இருந்தா எது எதுன்னு தெரிஞ்சிரும், ஏசி அடிச்சாலும் ரெண்டுக்கும் சேர்த்துத்தான் அடிக்கும்.

வெளிச்சம் செல்லக் கெடுக்குதான்னு பாக்க ஒரு எளிய வழி. படம் எடுத்து முடிச்சதும் ஸ்டேஜ நகர்த்தி, லேசர் படாத பக்கத்து இடத்துல உள்ள செல்லுங்களப் பாருங்க. அங்க நடுச்சுவர் வச்ச செல் எத்தனை சதவீதம், நீங்க எடுத்த இடத்துல எத்தனை. அங்க எல்லாம் பிரிஞ்சு போய்க்கிட்டு இருக்கு, இங்க பாதி உறைஞ்சு நிக்குதுன்னா பவர பாதியாக்கி மறுபடி எடுங்க, வேற வழி இல்ல.

ஒரே நேரத்துல நிறைய செல் பிரியணும்னு சூட்டுல பிரியாம நின்னுடுற சிடிசி25-22 ஸ்ட்ரெயின 36 டிகிரில 4 மணி நேரம் நிறுத்தி 25க்கு இறக்குவாங்க. வசதிதான், ஆனா அந்த நேரத்துல செல் வளர்ந்துக்கிட்டே இருக்கும், நீளமா, புரோட்டீன் அதிகமா ஆகிரும். நேரத்தையும் அளவையும் அதுல இருந்து எடுத்து நார்மல் செல்லுக்குச் சொல்லாதீங்க. என்னக் கேட்டா லாக் ஃபேஸ் கல்ச்சர்லயே பொறுமையா பிரியப் போற செல்லத் தேடுறதுதான் சுத்தமான வழி.

ரிங்க அளக்குறதுக்கு ஃபிஜிங்கிற இலவச சாஃப்ட்வேர் போதும். ஸ்டாக்க மேக்ஸ் புரொஜெக்ஷன் பண்ணி, அதாவது எல்லா ஸ்லைஸையும் ஒரே படமா சேர்த்து, செல்ல நேரா திருப்பி, ரிங் மேல கோடு போட்டு, அந்தக் கோட்ட நேர வரிசைல அடுக்குற கைமோகிராஃப் எடுங்க, புனல் மாதிரி ஒரு படம் வரும், அதோட சரிவுதான் வேகம். சுற்றளவுல சொல்றதுதான் வழக்கம், விட்டத்த பையால பெருக்கிக்கோங்க, நார்மல் செல்ல நிமிஷத்துக்கு 0.3 மைக்ரோமீட்டர் சுமாருல வரணும். ரிங் அரை மைக்ரோமீட்டருக்குக் கீழ போனதும் அது வெறும் புள்ளி, அந்தப் பகுதிய ஃபிட்ல சேர்க்காதீங்க. குச்சி படுத்துக்கிட்டே இருக்குறதால ரிங்க நீங்க எப்பவும் பக்கவாட்டுலதான் பாக்குறீங்க, வளையமாவே பாக்கணும்னா செல்ல நிமிர்த்தி நிறுத்துற சின்னக் குழி வச்ச, பிடிஎம்எஸ்ங்கிற ரப்பர் மாதிரி பொருள்ல செஞ்ச சிப் வேணும், அது இருக்குற லேப்ல போய் ஒரு நாள் பார்த்துட்டு வாங்க, அவ்வளவு தெளிவா இருக்கும்.

220 நானோமீட்டருக்கும் கீழ போகணும்னா சூப்பர் ரெசல்யூஷன். ஏரிஸ்கான், சிம்ங்கிற ரெண்டு முறையும் 100, 140 நானோமீட்டர் அந்த வட்டாரத்துல நிக்கும், இருக்குற ஜிஎஃப்பி ஸ்ட்ரெயினே போதும், முதல் படியா அதையே எடுங்க. அதுக்கும் உள்ள போக பால்ம்ங்கிற முறை. இதுக்கு வெளிச்சம் பட்டா நிறம் மாறுற எம்இயோஸ் 3.2 டேக் போட்ட புது ஸ்ட்ரெயின் கட்டணும். 405 நானோமீட்டர் லேசர ரொம்ப மெல்லிசா போட்டு ஒரு நேரத்துல சில மூலக்கூற மட்டும் பச்சைல இருந்து சிவப்புக்கு மாத்தி, 561ல அதப் பிடிச்சு, ஒவ்வொண்ணோட மையத்தையும் கணக்குப் போட்டு குறிக்கிறது, ஆயிரக்கணக்கான ஃப்ரேம். அந்த ஸ்ட்ரெயின வெளிச்சத்துல வளர்க்காதீங்க, செல்லத் தேடும்போது நீல விளக்கப் போட்டு நோண்டாதீங்க, படம் எடுக்க ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே பாதி மாறிப் போயிரும். ஸ்லைடுல சின்ன ஒளிரும் மணி கலந்து வைங்க, ஸ்டேஜ் நகர்றத அத வச்சுத் திருத்தலாம். இன்னொண்ணு, ஒரே மூலக்கூறு அணைஞ்சு அணைஞ்சு திரும்ப எரியும், அத அஞ்சு மூலக்கூறுன்னு எண்ணிட்டா இல்லாத கூட்டத்த இருக்குன்னு சொல்லிருவீங்க. அடுத்தடுத்த ஃப்ரேம்ல அதே இடத்துல வர்றத ஒண்ணாச் சேர்க்குற ஸ்டெப்ப விட்டுறாதீங்க.

இதுல டேக் எந்த முனைல இருக்குங்கிறது பெரிய விஷயம். 2016ல யேல் பல்கலைக்கழகத்துல போலார்ட் குழு உயிரோட இருக்குற செல்லயே இந்த வேலையச் செஞ்சப்ப மையோசினோட தலைலயும் வால்லயும் தனித்தனியா டேக் வச்சாங்க. வால் மெம்பிரேன் பக்கம் நெருக்கமா கூடி இருந்துச்சு, தலைங்க செல்லுக்குள்ள நீட்டிக்கிட்டு விரிஞ்சு இருந்துச்சு, பூங்கொத்த சுவத்துல காம்போட சொருகுன மாதிரி. கன்ஃபோகல்ல ரெண்டும் அதே ஒரு மங்கல் புள்ளிதான். நீங்க ஸ்ட்ரெயின் கட்டும்போது ரெண்டு முனைக்கும் கட்டிருங்க, ஒரு மாசம் கூட ஆகும், ஆனா ஒரே முனைய வச்சு அந்தப் புரோட்டீன் எங்க இருக்குன்னு சொல்லவே முடியாது.

காசு கம்மியா இருக்குற லேப்புக்கு எக்ஸ்பான்ஷன் மைக்ரோஸ்கோபி ஒரு நல்ல வழி, ஃபிக்ஸ் பண்ண செல்ல ஜெல்லுக்குள்ள வச்சு 4 மடங்கு ஊத வச்சு சாதா கன்ஃபோகல்லயே பாக்குறது. ஈஸ்ட்ல மாட்டிக்கிற இடம் சுவர். சுவர எஞ்சைம் போட்டு முழுசா கரைக்கலன்னா ஜெல் ஊதும், செல் ஊதாது, இல்லன்னா ஒரு பக்கம் மட்டும் ஊதி கோணிக்கும். ஊதுறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் செல் அகலத்த அளந்து எத்தனை மடங்குன்னு நீங்களே கணக்குப் போடுங்க, 4ன்னு எழுதி இருக்கேன்னு அப்படியே எடுத்துக்காதீங்க. ஃபிக்ஸ் பண்றதுக்கு மெத்தனால் இல்லாத ஃபார்மால்டிஹைடு, ஆக்டின்ல ஒட்டிக்கிற ஃபலாய்டின் சாயம் போட்டு ஆக்டின் பாக்கப் போறீங்கன்னா மெத்தனால் பக்கமே போகாதீங்க, ஒட்டவே ஒட்டாது.

ஒவ்வொரு ஃபைலோடயும் ஸ்ட்ரெயின் நம்பர், மீடியம், காலைல எடுத்த ஓடி, ஸ்லைடுல அளந்த சூடு, லேசர் பவர் எத்தனை சதவீதம்னு இல்லாம ஆப்ஜெக்டிவ் முனைல அளந்த மில்லிவாட், பேட் போட்ட நேரம் எல்லாத்தையும் அன்னிக்கே எழுதி வைங்க. ஒரிஜினல் ஸ்டாக்க அப்படியே வைங்க, பிரைட்னஸ் மாத்துனத வேற பேர்ல சேவ் பண்ணுங்க. முதல் நாள் வேற எதையும் தொட வேண்டாம், நார்மல் ஸ்ட்ரெயின்ல 20 செல் மட்டும் எடுத்து 10, 25, 35 நிமிஷம் வருதான்னு பாருங்க. வந்துருச்சுன்னா அடுத்த நாள் மியூட்டன்ட்ட எடுத்துட்டு வாங்க.